லிட்டருக்கு எவ்ளோ தருது?

நம் ஊரில் யார் வண்டி வாங்கினாலும் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். விலை, நிறம், கடன் தவணை எல்லாம் அப்புறம். பதில் சொல்கிறவர் ஐந்து கிலோமீட்டரைக் கூட்டிச் சொல்வார். கேட்கிறவர் மனதுக்குள் பத்தைக் கழித்துக்கொள்வார். இருவருக்கும் இது தெரியும். இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியாது.

சென்ற வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி தன் பழைய ஸ்ப்ளெண்டரை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். கார்புரேட்டர் வைத்த வண்டி. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு புது வண்டிகளில் கார்புரேட்டர் ஏறக்குறைய ஒழிந்துபோய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. இவன் வண்டி அதற்கு முந்தியது.

"அங்கிள், முன்னெல்லாம் 65 குடுத்துச்சு. இப்ப 57 தாண்ட மாட்டேங்குது. நீங்க கார்புரேட்டர்ல கெட்டிக்காரர்னு அப்பா சொன்னாரு. அந்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பி விடுங்களேன்."

திருப்புளி கையில்தான் இருந்தது. ஆனாலும் "நாளைக்கு வா, பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டேன். கார்புரேட்டரில் கெட்டிக்காரன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பழவேற்காடு நினைவுக்கு வந்துவிடும். 35 வருடமாக வீட்டில்கூட முழுதாகச் சொல்லாத ஒரு விஷயம்.

1990ஆம் வருடம். பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தேன். குடியிருப்பு பொன்னேரியில். மெதூர், திருப்பாலைவனம் வழியாகப் போக சுமார் 20 கிலோமீட்டர், வர 20. என்னிடம் இருந்தது ஹீரோ ஹோண்டா சி.டி. 100. 1985இல் அந்த வண்டி வந்தபோது மைலேஜ் பேச்சே மாறிப்போனது இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. அதுவரை ராஜ்தூத், எஸ்டி, புல்லட் ஓட்டியவர்கள் லிட்டருக்கு 30, 35 கிடைத்தால் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நாலு ஸ்ட்ரோக், 97 சி.சி. இன்ஜின் ஒன்று அதைப்போல இரண்டு மடங்கு தந்ததும் எங்கள் ஆசிரியர் அறையில் மதிய இடைவேளைப் பேச்சு முழுவதும் அதுவாகிவிட்டது.

நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். டேங்கை விளிம்புவரை நிரப்பி, மீட்டரைக் குறித்து, மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் போகிறது என்று எழுதி வகுத்துப் பார்ப்பேன். அது போதாமல், ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் கால் லிட்டர் பெட்ரோல் அளந்து ஊற்றி, ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, டியூபை நேராகக் கார்புரேட்டரில் மாட்டி, வண்டி நிற்கும்வரை ஓட்டிப் பார்க்கும் மெக்கானிக் வேலையையும் கற்றுக்கொண்டேன். திருப்பாலைவனம் தாண்டி வண்டி நின்றுபோய், பாட்டிலைக் கழற்றிவிட்டு டேங்க் டியூபை மாட்டிக்கொண்டிருக்கும்போது பஸ்ஸில் போகும் மாணவர்கள் ஜன்னல் வழியாகக் கத்துவார்கள். வாத்தியாருக்குப் பெட்ரோல் போடக் காசில்லை என்று ஊரில் ஒரு பேச்சு இருந்ததாகப் பிறகு தெரிந்தது.

68 தந்த வண்டியை 74க்குக் கொண்டுவந்தேன். அந்த 74தான் என் தலைக்கு ஏறியது.

கார்புரேட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதை வகுப்பில் நான் ஃப்ளிட் பம்ப் வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். கொசுமருந்து அடிக்கும் அந்தத் தகரப் பம்ப் உங்களில் பலர் வீட்டில் இருந்திருக்கும். கைப்பிடியைத் தள்ளினால் காற்று ஒரு குழாயின் வாய்க்கு மேலே விசையாகப் போகும். விசையாகப் போகும் காற்றில் அழுத்தம் குறையும். கீழே டப்பாவில் இருக்கும் மருந்து குழாய் வழியே மேலேறித் தூறலாகச் சிதறும். கார்புரேட்டரும் அதேதான். இன்ஜின் காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்று போகும் வழி ஓரிடத்தில் ஒடுங்குகிறது. ஒடுங்கிய இடத்தில் காற்று வேகமெடுக்கிறது, கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் மேலே இழுக்கப்படுகிறது. கிண்ணத்தில் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க ஒரு மிதவை. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் பந்து வால்வின் குட்டித் தம்பி.

எவ்வளவு பெட்ரோல் ஏறலாம் என்பதை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் வண்டி நின்றபடி ஓடும்போதும், லேசாகத் திருகும்போதும் ஸ்லோ ஜெட்டும் அதன் பக்கத்து ஸ்க்ரூவும். நடுவாந்திரமாகத் திருகும்போது, ஸ்லைடில் தொங்கும் நீடில் என்கிற ஊசி. முழுதாகத் திருகினால் மெயின் ஜெட். இதில் வேடிக்கை என்னவென்றால், மைலேஜுக்காக எல்லாரும் திருப்பச் சொல்கிற அந்த ஸ்க்ரூவுக்கு, வண்டி 50இல் போகும்போது பெரிதாக வேலையே கிடையாது. தவிர, அந்த ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் வெளியே திருப்பும்போது காற்று கூடும்; இன்ஜின் பக்கம் இருந்தால் வெளியே திருப்பும்போது பெட்ரோல் கூடும். இது தெரியாமல் சிக்கனம் என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர்.

ஊசியின் மேல்முனையில் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கும். அதில் ஒன்றில் ஒரு கிளிப். கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினால் ஊசி அந்த அளவுக்குக் கீழே இறங்கும், பெட்ரோல் வழி குறுகும், கலவை மெலியும். 1 கிராம் பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும் என்பது கணக்கு. காற்றைச் சற்றே கூட்டி 16 பக்கம் கொண்டுபோனால் சிக்கனம். குறைத்து 13க்குக் கீழே கொண்டுவந்தால் இழுவை. நான் புத்தகத்தில் படித்த இந்த எண்களோடு நின்றுவிட்டேன்.

அந்த ஆகஸ்டில் குவைத்துக்குள் ஈராக் படை புகுந்தது. பெட்ரோல் விலை ஏறியது. ஆசிரியர் அறையில் அது அரசியல் பேச்சு. ஆனால் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து வண்டியில் கட்டிக்கொண்டு வெளியூர் போய் விற்கிறவர்களுக்கு அது அன்றன்றைய கூலியில் கைவைக்கிற விஷயம்.

அப்படி ஒருவர் என்னைத் தேடி வந்தார். என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்த ஒரு பையனின் அப்பா. வீடு ஏரிக்கு அந்தப் பக்கம், லைட்ஹவுஸ் குப்பத்தில். அப்போது பாலம் கிடையாது. படகில்தான் வர வேண்டும். அதனால் அவருடைய ராஜ்தூத் இரவெல்லாம் இந்தக் கரையில், படகுத்துறைக்குப் பக்கத்து ஓலைக் கொட்டகையில் உப்புக்காற்றில் நிற்கும். காலையில் இறால், நண்டு, மடவை என்று ஏலத்தில் கிடைத்ததை ஐஸ் போட்டு, இரண்டு பக்கமும் பெட்டி கட்டி, பொன்னேரி, தச்சூர் வழியாகச் செங்குன்றம் வரை போவார். போக வர 90 கிலோமீட்டர்.

"சார், புள்ள சொன்னான், நீங்க வண்டிய 74 ஓட்டறீங்களாம். நம்ம வண்டி 32கூட முக்கி முக்கித்தான் குடுக்குது. எதுனா செஞ்சு வுடுங்க சார். 40 வந்தாப் போதும்."

நான் கணக்குப் போட்டேன். 32 என்றால் நாளைக்கு 2.8 லிட்டர். 40 என்றால் 2.25. அரை லிட்டருக்கு மேல் மிச்சம். வீட்டுக்கு ஒரு நாள் அரிசிக் காசு அது. ஒரு மாதத்துக்கு, ஒரு வருடத்துக்கு என்று பெருக்கிக் காட்டினேன். அவர் எண்களைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போனபோது ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடையில் ஒரு நம்பர் சின்ன மெயின் ஜெட் வாங்கினேன். ராஜ்தூத் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, அந்த ஜெட்டைப் போட்டு, கிளிப்பை இரண்டு பள்ளம் மேலே ஏற்றினேன். பாட்டிலைக் கட்டி விடியற்காலையில் நானே ஓட்டிப் பார்த்தேன். காலி வண்டி, குளிர்ந்த காற்று, மேடு பள்ளம் இல்லாத ரோடு, 40 கிலோமீட்டர் வேகம். 41 வந்தது. அவர் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று மதியம் ஆசிரியர் அறையில் நான் எவ்வளவு பேசியிருப்பேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பள்ளி வாசலில் நின்றிருந்தார்.

"சார், வண்டி ரொம்ப சூடாவுது. காலு வைக்க முடியல. பிக்கப்பும் கம்மியாத் தெரியுது."

நான் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "புது செட்டிங் அப்படித்தான் இருக்கும். நாலு நாள்ல சரியாயிடும்" என்றேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்திருந்தால் போதும். பிளக் முனை செங்கல் நிறத்தில் இருந்தால் கலவை சரி. கரி பிடித்துக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் ஆபத்து. இதைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். ஒரு பிளக் ஸ்பேனர், இரண்டு நிமிடம். ஆனால் 41 என்று நோட்டில் எழுதியாகிவிட்டது. அதை அடிக்க மனம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தப் பையன் பள்ளிக்கு வரவில்லை. மறுநாளும் இல்லை. நான்காம் நாள் இன்னொரு பையனிடம் கேட்டேன். "அவங்கப்பா வண்டி ஜாமாயிடுச்சு சார். அவனும் அவங்கம்மாவும் கூடையத் தூக்கினு பஸ்ல போறாங்க."

பள்ளி விட்டதும் வண்டியைத் துறையில் நிறுத்திவிட்டுப் படகேறினேன். முகத்துவாரத்தின் பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. படகில் இருந்தவர்கள் என்னிடம் பேச்சுக் கொடுத்தார்கள். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து வலையில் அறுந்த கண்களைக் கோத்துக்கொண்டிருந்தார். எழுந்து, உள்ளே போய் ஸ்டூல் எடுத்துவந்து போட்டார். ஜி.என்.டி. ரோட்டில், காரனோடைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், முழுப் பாரத்தோடு ஆக்ஸிலேட்டரை விடாமல் போய்க்கொண்டிருந்தபோது பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டிருக்கிறது. வண்டி சறுக்கிப் போய் ஓரத்தில் சாய்ந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் ஒதுங்கிப் போய்விட்டார். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான் அடி. வெயில் ஏற ஏற ஐஸ் கரைந்தது. மீனை அங்கேயே ரோட்டோரத்தில் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டார். ஏலக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணம் அப்படியே நின்றது.

"மன்னிச்சுக்குங்க" என்று எப்படியோ சொன்னேன்.

"வுடுங்க சார், வண்டிதானே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, வலையைப் பார்த்தபடியே சொன்னார்: "சூடாவுதுன்னு சொன்னேன்ல சார். நீங்க வாத்தியாரு, உங்களுக்குத் தெரியும்னு வுட்டுட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அங்கேயே அதற்கு ஏதாவது பதில் சொல்லி முடித்திருக்கலாம்.

மறுநாள் வண்டியைப் பழவேற்காடு கடைத்தெருவில் ஒரு பாயின் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். படகு இன்ஜின், சைக்கிள், மோட்டார் சைக்கிள் எல்லாம் பார்ப்பார். நான் அதுவரை அவரிடம் போனதே இல்லை. பள்ளிக்கூடம் தாண்டாதவர் என்று ஓர் இளக்காரம். சிலிண்டரைக் கழற்றினார். பிஸ்டனின் ஒரு பக்கம் முழுக்க உரசி, அலுமினியம் சிலிண்டர் சுவரில் ஈஷியிருந்தது. பிறகு கார்புரேட்டரைத் திறந்து ஊசியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாரு சார் இது செஞ்சது?"

நான்தான் என்றேன்.

"இது டூ ஸ்ட்ரோக்கு சார். ஆயில் எங்க ஊத்தறோம்?"

"பெட்ரோல்ல."

"அப்ப நீங்க பெட்ரோல மட்டுமா கொறைச்சீங்க?"

அவ்வளவுதான். என் சி.டி. 100இல் ஆயில் தனியாக இன்ஜின் அடியில் கிடக்கும். பெட்ரோலைக் குறைத்தால் பெட்ரோல் மட்டும்தான் குறையும். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பம்பிலேயே பெட்ரோலோடு லிட்டருக்கு 40 மில்லி போல ஆயிலைக் கலந்துதான் ஊற்றுவார்கள். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே வழவழப்பு தருவது அந்த ஆயில்தான். நான் ஜெட்டைச் சுருக்கியபோது இன்ஜினுக்குப் போகும் ஆயிலையும் சேர்த்துச் சுருக்கிவிட்டேன். மெலிந்த கலவை ஒரு பக்கம் சூட்டைக் கூட்டுகிறது. தேவைக்கு மேல் போகும் கொஞ்சம் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே தருகிற குளிர்ச்சியும் போய்விட்டது. இன்னொரு பக்கம் சூட்டைத் தாங்க வேண்டிய ஆயிலும் குறைவு. நான் சோதித்தது காலி வண்டியை. அவர் ஓட்டியது மீனும் ஐஸுமாக இன்னொரு ஆளைவிட அதிகப் பாரம் ஏற்றிய வண்டியை, மெயின் ஜெட் வேலை செய்கிற வேகத்தில். பி.எஸ்ஸி., பி.எட். படித்தவனுக்கு இது தோன்றவில்லை.

பாய் இன்னொன்றும் சொன்னார். "கோடையில முகத்துவாரம் மண்ணு மூடிக்கினா ஏரி என்னாவுது? தண்ணி சுண்டுது, சூடாவுது, உப்பு ஏறுது, மீனு போயிடுது. உள்ள வர்றத அடைச்சா அப்படித்தான் சார்." ஊர்க்காரர் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டால் கடல் தண்ணீர் ஏறி இறங்க முடியாமல் ஏரியில் மீன்பாடு குறையும்.

நான் அவரிடம் கேட்டேன்: "அப்புறம் ஏன் பாய் இந்த வண்டி 32 குடுத்துச்சு? கார்புரேட்டர் சரியாத்தான் இருந்துச்சா?"

அவர் சிரித்தார். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டார். அரைச் சுற்றில் நின்றது. இன்ஜினோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், நியூட்ரலில். உப்புக்காற்றில் பிரேக் கேம் துருப்பிடித்து, மிதியை விட்டாலும் ஷூ முழுதாகத் திரும்பாமல் டிரம்மைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் மாதக்கணக்காக பிரேக்கை அழுத்தியபடியே செங்குன்றம் போய் வந்திருக்கிறார். பிறகு செயினைக் காட்டினார். ஐஸ் தண்ணீரும் உப்பும் சேர்ந்து துருவேறி, கண்ணிகள் சில மடங்கவே இல்லை. ஏர் ஃபில்டரைத் தட்டினார். ஏரிக்கரை மணல் மாவு போலக் கொட்டியது. ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், கலவை கனக்கும், பெட்ரோல் கரியாகப் போகும். சோக் கேபிள் துருவில் சிக்கி, சோக் முழுதாக மூடாமல் கொஞ்சம் திறந்தே நின்றது. அதாவது குளிரில் ஸ்டார்ட் செய்யக் கொடுக்கிற கூடுதல் பெட்ரோலை வண்டி நாள் முழுக்கக் குடித்துக்கொண்டிருந்தது. சைலன்சரின் உள்குழாயை இழுத்தார். ஓட்டைகள் பாதி கரியால் அடைந்திருந்தன. டூ ஸ்ட்ரோக் வண்டி மூச்சு விடுவதே அந்த வழியாகத்தான். டயரில் காற்று எப்போது பார்த்தது என்று கேட்டார். அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"கார்புரேட்டரு கடைசி சார்" என்றார் பாய். "எல்லாரும் அதுலதான் முதல்ல கைய வைக்கறாங்க. ஸ்க்ரூ வெளியில தெரியுது பாருங்க, அதான்."

ஒரு விஷயத்தில் மட்டும் பாயோடு எனக்கு இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்வார். பித்தளை ஜெட் மென்மையானது. கம்பி போய் வந்தால் துளை கண்ணுக்குத் தெரியாமல் பெரிதாகும், அப்புறம் எந்த நம்பர் போட்டும் பயனில்லை. ஊதியோ, பெட்ரோலில் ஊறப்போட்டோதான் எடுக்க வேண்டும். அன்று அதைச் சொல்கிற நிலையில் நான் இல்லை.

சிலிண்டரைப் பொன்னேரியில் ஒரு லேத்தில் கொடுத்து போர் போட்டு, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன், ரிங் வாங்கினோம். என் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் ஆனது. லேத்காரரிடமும் ஸ்பேர் கடையிலும் நான் முன்கூட்டியே போய்ப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். ஏலக்காரருக்கு நின்ற பாக்கியைப் பற்றிக் கேட்டதற்கு அவர் பதிலே சொல்லவில்லை. பாய் பழைய நம்பர் ஜெட்டைப் போட்டு, கிளிப்பை நடுப்பள்ளத்தில் வைத்தார். பிரேக், செயின், ஃபில்டர், சோக் கேபிள், சைலன்சர் எல்லாம் சரிசெய்தார். போர் போட்ட வண்டியை முதல் சில நூறு கிலோமீட்டர் ஆயில் சற்றுக் கூடுதலாக ஊற்றி மெதுவாக ஓட்டச் சொன்னார். அந்தப் பழக்கம் முடிந்த பிறகு, பாரத்தோடு ஓட்டி, டேங்க் கணக்கில் பார்த்தால் 38. என் 41க்கு மூன்று குறைவு. கார்புரேட்டரில் யாரும் கைவைக்கவில்லை.

பையன் திரும்பப் பள்ளிக்கு வந்தபோது பன்னிரண்டு நாள் போயிருந்தது. அரையாண்டுத் தேர்வில் என் பாடத்தில் தேறினான், கணக்கில் தேறவில்லை. அவனாகத் தேறாமல் போனானா, அந்தப் பன்னிரண்டு நாளாலா என்று என்னால் சொல்ல முடியாது. மாலையில் ஒரு மணி நேரம் இருக்கச் சொல்லிக் கணக்கு வாத்தியாரிடம் கேட்டு உட்காரவைத்தேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் செங்குன்றம் போகிற வழியில் பொன்னேரியில் எங்கள் வீட்டு வாசலில் ராஜ்தூத் நிற்கும். ஒரு வாரம் மடவை, ஒரு வாரம் நண்டு, ஒரு வாரம் இறால். வேண்டாம் என்றால், "கணக்கு சார்" என்பார். போர் போட்ட செலவுக்கு அவர் மனதில் ஒரு கணக்கு வைத்துக் கழித்துக்கொண்டிருந்தார். என் மனைவிக்கு விஷயம் தெரியாது, "என்ன இவ்ளோ நல்ல மனுசர்!" என்று சந்தோஷமாக வாங்கிக் குழம்பு வைப்பாள். எனக்கு அந்தக் குழம்பு இறங்காது. ஏழெட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, "இத்தோட தீந்துச்சு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. வழியில் பார்த்தால் கையைத் தூக்கிக் காட்டுவார்.

மறுநாள் பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னபடியே வந்தான். பின்சக்கரத்தைச் சுற்றிவிடச் சொன்னேன். ஒரு சுற்றில் நின்றது. பிரேக்கைத் தளர்த்தி, கேமுக்குக் கிரீஸ் வைத்தோம். ஏர் ஃபில்டர் கறுத்திருந்தது. புதிது வாங்கிவரச் சொன்னேன். இரண்டு டயரிலும் காற்று பாதிதான் இருந்தது. இது போக, அவன் வண்டியின் குறைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இப்போது பம்பில் கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அதே அளவு பெட்ரோலில் இருக்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் எத்தனாலில் உண்டு. ஆகவே ஆறேழு சதவீதச் சக்திக் குறைவு எரிபொருளிலேயே வந்துவிடுகிறது. அதை எந்த ஸ்க்ரூவாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் பெட்ரோலுக்கென்று வைத்த பழைய கார்புரேட்டரின் கலவை தானாகவே கொஞ்சம் மெலிந்தும் போகிறது. புது இன்ஜெக்‌ஷன் வண்டியில் சென்சார் இருக்கிறது, பார்த்துச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்குக் கண் கிடையாது.

பிளக்கைக் கழற்றினேன். எதிர்பார்த்தபடியே வெளுப்பாக இருந்தது. வண்டி நின்று ஓடும்போது மூச்சு ஏறி இறங்குவது போல ஒரு தடுமாற்றமும் இருந்தது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, அந்த ஸ்க்ரூவை, அவன் கேட்ட திசைக்கு எதிர்த்திசையில், கால் சுற்று திருப்பினேன். தடுமாற்றம் நின்றது.

"அங்கிள், பெட்ரோல் கூடுமே?"

"கூடட்டும்."

நாலு நாள் கழித்து டேங்க் கணக்குப் பார்த்துவிட்டு வந்தான். 61. முகத்தில் பாதி சந்தோஷம்தான். "65 வரலையே அங்கிள். அந்த ஊசியை மட்டும் ஒரு பள்ளம் இறக்கிப் பார்க்கலாமா? யூடியூப்ல ஒருத்தர் செஞ்சு காட்டறாரு." நான் திருப்புளியைத் துடைத்து டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

நேற்று சாயங்காலம் மதில் அந்தப் பக்கம் அவன் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"அங்கிள் சரி பண்ணிக் குடுத்தாருடா. இப்ப 66 தருது."